பெங்குயின் சாரின் ஆறு நிரல்கள்

சமூகக்கூடத்தின் பின்பக்க அறைக்குக் காலை ஒன்பதரைக்குப் போனால் பெங்குயின் சாரைப் பார்க்கலாம். சார் என்று கூப்பிடுகிறார்களே தவிர, அவர் யாருக்கும் வாத்தியார் இல்லை. இருபத்தாறு வருடம் வாகன உதிரிபாகக் கிடங்கில் நட்டுக்கும் போல்ட்டுக்கும் எண் எழுதி ஒட்டியவர். கிடங்கை ஒருநாள் மூடினார்கள். ஐம்பத்திரண்டு வயதில் புது வேலைக்கு எங்கே போவது? கல்யாணமும் செய்துகொள்ளாத மனிதர். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் இந்த அறைக்கு வந்து சேர்ந்தார்.

ஊரில் இனி உதவாது என்று ஒதுக்கிய பழைய கம்ப்யூட்டர்கள் எல்லாம் அந்த அறைக்கு வரும். அவற்றைத் துடைத்து, தூசி தட்டி, லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டு, வேண்டியவர்களுக்குக் கொடுத்து அனுப்புவார். லினக்ஸின் சின்னமான பெங்குயின் படத்தைத் தோள்பையில் ஒட்டியிருந்ததால் அந்தப் பெயர் வந்தது. தையல்காரர், ஓய்வுபெற்ற நர்ஸ், கட்டட மேஸ்திரி என்று பதினேழு பேர் அவரிடம் கம்ப்யூட்டர் வாங்கிப் போனார்கள். மறுநாளே திரும்பி வந்து நின்றார்கள். "சார், பழசுல இருந்ததெல்லாம் எங்க? எதத் தட்டினாலும் புதுசா இருக்கு."

ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், கிடங்கில் பழகிய முத்து முத்தான கையெழுத்தில் ஒரு தாள் எழுதிச் சுவரில் ஒட்டினார். 'புதியவர்களுக்குப் பயன்படும் ஆறு நிரல்கள்' என்று தலைப்பு. கடிதம் எழுத லிப்ரே ஆபிஸ். படமும் பாட்டும் பார்க்க, கேட்க விஎல்சி. போட்டோவைத் திருத்த கிம்ப். மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்ட். குரலைப் பதிவு செய்ய ஆடாசிட்டி. ஆறாவதாக டைம்ஷிஃப்ட். அதற்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு இழுத்து, 'எது கெட்டாலும் நேற்றைக்குத் திரும்பலாம்' என்று எழுதியிருந்தார்.

அந்த ஆறாவதில்தான் அவருக்கு அத்தனை பெருமை. அது தினமும் கம்ப்யூட்டரைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். ஒருமுறை நர்ஸ் அம்மாவின் கம்ப்யூட்டர் ஏதோ புதுப்பித்தலுக்குப் பிறகு கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. பெங்குயின் சார் நாலு பொத்தான் அழுத்தினார். கால் மணியில் நேற்று இருந்தபடி எழுந்துவிட்டது. நர்ஸ் அம்மாவின் பேரப்பிள்ளைகள் போட்டோ ஒன்றுகூடக் குறையவில்லை. தையல்காரருக்கும் அப்படியே, மேஸ்திரிக்கும் அப்படியே. மூன்று முறை பார்த்தவருக்கு நாலாவது முறை சந்தேகம் வருமா? கெட்டுப்போனது கம்ப்யூட்டரின் இயங்குதளம் மட்டும்தான், போட்டோக்களுக்கு ஒன்றும் ஆகவே இல்லை, அவை இருந்த இடத்திலேயேதான் இருந்தன என்பது அவருக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் ஆறாம் நம்பர்தான் மீட்டுக் கொடுத்தது என்று நம்பினார். ஊரையும் நம்ப வைத்தார்.

அவர் குடியிருந்தது அண்ணன் வீட்டில். பின்கட்டில் ஓர் அறை. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பேச்சை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற ஆள். அவருக்கும் சேர்த்து அண்ணிதான் பேசுவார். சலவைக்கடையின் வரவேற்பு மேசையில் நாள் முழுக்கப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே மறுபடி ஆரம்பித்துவிடுவார். பெங்குயின் சார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தால் சும்மா விடமாட்டார். "என்ன கொழுந்தனாரே, பொண்ணு பாக்கச் சொன்னா பொட்டியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. அது சமைச்சுப் போடுமா, சண்டை போடுமா?" அண்ணன் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரிப்பார். சத்தம் வராது, தாள் மட்டும் ஆடும். மூன்று பேர் கொண்ட அந்த வீட்டில் ஒருவர் குரல்தான் வீடு முழுக்க இருந்தது.

அந்தக் குரல் கம்மத் தொடங்கியது. சளி என்றார்கள், கத்திப் பேசுவதால் என்றார்கள். நாலு மாதம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தபோது குரல்வளையில் கட்டி. குரல்வளையையே எடுத்தாக வேண்டும், உயிர் பிழைக்கலாம், ஆனால் இந்தக் குரல் இனி இருக்காது என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். ஐந்து வாரம் கழித்து அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். வீட்டுக்கு வந்த அண்ணன் வாசலில் செருப்பு வைக்கும் பலகைமேலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே வரவே அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்தான் அந்த வழியைச் சொன்னார். முன்கூட்டியே குரலைப் பதிவு செய்து வைத்தால், அதைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கி, பிறகு தட்டச்சு செய்வதை எல்லாம் அதே குரலில் பேச வைக்கலாமாம். சுத்தமான பதிவாக ஆயிரத்துக்கும் மேல் வாக்கியங்கள் வேண்டும். வெளியில் இதற்கென்றே செய்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். பெங்குயின் சார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நானே செய்றேன் அண்ணா. எல்லாத்துக்கும் லினக்ஸ்ல இலவசமா நிரல் இருக்கு. அண்ணி குரல் நம்ம வீட்டுலயே இருக்கட்டும்." இருபத்தாறு வருடம் கிடங்கில் யாரும் அவரிடம் ஒரு யோசனை கேட்டதில்லை. இப்போது வீடே அவர் முகத்தைப் பார்த்தது.

துணி அலமாரி இருக்கிற சின்ன அறையைப் பதிவுக்கென்று ஒதுக்கினார்கள். எதிரொலி வராமல் சுவர் முழுக்கப் போர்வை தொங்கவிட்டார்கள். தெரு அடங்கியிருக்கும் மதியம் இரண்டு முதல் நாலு மணிவரை. அந்த இரண்டு மணி நேரமும் ஃபிரிட்ஜை நிறுத்தி வைப்பார்கள். அண்ணி தாளைப் பார்த்துப் படிப்பார், பெங்குயின் சார் ஆடாசிட்டி திரையில் நீல அலைகள் ஏறி இறங்குவதைக் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பார். இருமல் வந்தால் அந்த வாக்கியம் போயிற்று, மறுபடி படிக்க வேண்டும். 'நாளை மாலை லேசான மழை பெய்யக்கூடும்.' 'இந்தப் பெட்டியில் எத்தனை பென்சில்கள் உள்ளன?' இப்படி ஆயிரத்து இருநூறு.

"கொழுந்தனாரே, இத எழுதின ஆளு வீட்டுல யாரும் யாரோடயும் பேச மாட்டாங்களா?" என்று ஒருநாள் அண்ணி தாளைக் கீழே வைத்தார். "பொண்டாட்டியா இருக்கிறவ பென்சில எண்ணிக்கிட்டா இருப்பா?"

"படிங்க அண்ணி. எழுபத்தி ரெண்டு பாக்கி."

"படிக்கிறேன். ஆனா ஒண்ணு. நான் திட்டுறதையும் பதிஞ்சு வைங்க. உங்க அண்ணனுக்கு அதுதான் பழக்கம். மழை வரும்னு பொட்டி சொன்னா அவருக்கு யாருன்னே தெரியாது."

கடைசி நாள் அண்ணனை உள்ளே உட்கார வைத்துப் பன்னிரண்டு நிமிடம் திட்டினார். ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடுவதில் ஆரம்பித்து, முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் தன்னை மறந்துவிட்டு வந்ததுவரை ஒன்றையும் விடவில்லை. கம்மிய குரல்தான், ஆனால் அண்ணியின் குரல். அண்ணன் போர்வைக்கு நடுவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். இந்த முறை சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டார். "எல்லாம் பத்திரமா இருக்கா?"

"டைம்ஷிஃப்ட் போட்டிருக்கேன் அண்ணா. வெளியில இருக்கிற தனி டிஸ்க்குல தினமும் ஒரு நகல் போகுது."

"வேற ஒண்ணுலயும் ஒரு நகல் எடுத்து வையேன். லிஃப்ட்டுக்கே நாங்க ஒத்தக் கயிறு போடுறதில்ல."

"அதுக்குத்தானே அண்ணா இத வச்சிருக்கேன். கவலப்படாதீங்க."

அந்த ஒரு பேச்சை அவர் கேட்டிருக்கலாம். பத்து நிமிட வேலை. ஆனால் தனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தில் லிஃப்ட் மெக்கானிக் மூக்கை நுழைப்பதா என்று ஒரு சின்ன வீம்பு. மனிதர்களுக்கு வீம்பு வருகிற நேரம் அப்படி.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நாலாம் நாள் அண்ணன் ஆஸ்பத்திரியில் இருக்க, பெங்குயின் சார் வீட்டில் கம்ப்யூட்டரைத் தயார் செய்ய உட்கார்ந்தார். குரலைப் பழக்குகிற வேலைக்கு அந்த இயந்திரம் மந்தமாக இருந்தது. நினைவகத்தைக் கூட்டினார். லினக்ஸின் புதுப் பதிப்பை அடியிலிருந்து சுத்தமாகப் போட்டுவிட்டால் வேகமாக ஓடும், அண்ணி வீட்டுக்கு வரும்போது குரல் காத்திருக்கும் என்று நினைத்தார். அவர் நினைப்பு முழுக்க அன்புதான். அதை யாரும் மறுக்க முடியாது. டிஸ்க்கில் உள்ள எல்லாம் அழிக்கப்படும், தொடரலாமா என்று கேட்டது திரை. தொடரலாம் என்று அழுத்திவிட்டு டீ போடப் போனார்.

இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. வெளி டிஸ்க்கைச் செருகி, நேற்றைய நகலைத் திறந்தார். வரிசையாகக் கோப்புறைகள். சொந்தக் கோப்புகள் இருக்க வேண்டிய 'ஹோம்' கோப்புறை இருந்தது. அதற்குள் அவர் பெயரிலேயே ஒரு கோப்புறை இருந்தது. அதைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

மறைந்திருக்கிறதோ என்று பார்த்தார். முந்தாநாள் நகலைத் திறந்தார், அதற்கு முந்தின நாளையும் திறந்தார். முப்பத்தொரு நகல்களில் முப்பத்தொரு காலிக் கோப்புறைகள். உதவிப் பக்கத்தைத் தேடி எடுத்தார். அதில் பட்டவர்த்தனமாக எழுதியிருந்தது: இது இயங்குதளத்தைக் காப்பதற்கான நிரல்; பயனரின் சொந்தக் கோப்புகள் தாமாகச் சேர்க்கப்படுவதில்லை; வேண்டுமானால் நீங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிரலை முதன்முதலில் அமைத்தபோதும் ஒரு திரை அதைக் கேட்டிருக்கிறது. இவர் படிக்காமல் 'அடுத்து' என்று அழுத்தியிருக்கிறார். பதினேழு வீடுகளிலும் அதையேதான் அழுத்தியிருக்கிறார். நிரல்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அழிந்த கோப்புகளைத் தோண்டி எடுக்க ஃபோட்டோரெக் என்று ஒரு நிரல் உண்டு. அதை ஓட விட்டார். எழுபத்து மூன்று ஒலிக்கோப்புகள் கிடைத்ததாகக் காட்டியது. அந்த எழுபத்து மூன்று என்ற எண்ணைப் பார்த்து அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இவ்வளவாவது மிஞ்சியதே என்று ஒவ்வொன்றாக விஎல்சியில் திறந்தார். மணி ஒலித்தது. கேமரா 'க்ளிக்' என்றது. தண்ணீர் சொட்டியது. எல்லாம் அன்றைக்கு அவரே போட்ட புது லினக்ஸின் அறிவிப்பு ஓசைகள். கடைசிவரை கேட்டார். எழுபத்து மூன்றிலும் ஒரு மனிதக் குரல் இல்லை.

டிஸ்க்கைக் கழற்றி, இதே தொழிலாக இருக்கிற ஒருவரிடம் கொண்டுபோனார். அந்த ஆள் நாலு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எஸ்எஸ்டி சார் இது. பழைய மாதிரி சுத்துற டிஸ்க்கா இருந்தா ஏதாவது முயற்சி பண்ணலாம். இது அழிக்கச் சொன்னா அப்பவே உள்ள துடைச்சிடும். வேற எங்கயும் கொண்டுபோய் அலையாதீங்க." பெங்குயின் சார் இன்னும் இரண்டு இடத்துக்கு அலைந்தார். அந்த ஆள் சொன்னதையேதான் அங்கேயும் சொன்னார்கள்.

வேறு எங்கேயாவது அண்ணியின் குரல் இருக்கிறதா என்று வீட்டையே சலித்தார். அண்ணனிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய போன். பெங்குயின் சாரின் போனில் அண்ணி அனுப்பிய இரண்டு குரல்செய்திகள் இருந்தன. 'சாவி பக்கத்து வீட்டுல' என்று ஒன்று. இன்னொன்றில் பேருந்துச் சத்தத்துக்கு நடுவில் 'கேக்குதா, கேக்குதா' என்பது மட்டும். இதை வைத்து எந்தக் கம்ப்யூட்டருக்கும் எதையும் பழக்க முடியாது.

அண்ணி வீட்டுக்கு வந்தார். கழுத்தின் கீழே மூச்சு விட ஒரு துளை, அதன்மேல் ஒரு மெல்லிய துணி. முதல் நாளே மேசை முன் உட்கார்ந்து ஆவலோடு தட்டச்சு செய்தார். கம்ப்யூட்டரோடு வந்த பொதுக்குரல்தான் பேசியது. ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், எழுத்துக்கூட்டிப் படிக்கிற தகரக் குரல். 'என்ன கொழுந்தனாரே வீட்டை இப்படிக் குப்பையாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள்' என்று அது சொன்னது. கிண்டல்தான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

பின்னாலேயே போன தம்பியிடம் கேட்டார். "அவ குரல் எப்ப வரும்?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு. "தயாராகிட்டு இருக்கு அண்ணா. கம்ப்யூட்டர் ஒவ்வொரு வாக்கியமா கேட்டுக் கத்துக்கணும். நாளாகும்."

"சரி" என்றார் அண்ணன். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்ததைப் பார்த்ததும் பெங்குயின் சாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் சமூகக்கூடத்துக்குப் போய்ச் சுவரில் இருந்த தாளைக் கிழித்தார். பிறகு பதினேழு வீடுகளுக்கும் நடந்தார். ஒவ்வொரு வீட்டிலும், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், உங்கள் போட்டோ, கடிதம் எதுவும் நகலில் போகவில்லை, தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று வாசலிலேயே நின்று சொன்னார். யாரும் கோபப்படவில்லை. தையல்காரர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இத்தன நாள் ஒண்ணும் ஆகலயே சார், விடுங்க" என்றார். நர்ஸ் அம்மா உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். யாராவது ஒருவர் நாலு வார்த்தை கடுமையாகக் கேட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் தாங்கினார். ஒருநாள் அண்ணன் வேலைக்குக் கிளம்பிய பிறகு, அண்ணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஆறாம் நம்பரை நம்பியது, அழித்தது, தேடியது, அண்ணனிடம் பொய் சொன்னது. குறுக்கே பேச அண்ணியால் முடியாது. அதனால் சொல்லி முடிக்க அவருக்கு அவ்வளவு நேரம் கிடைத்தது. அது இன்னும் கொடுமையாக இருந்தது.

அண்ணியின் கை கழுத்துத் துணிமேல் போனது. பிறகு இரண்டு விரலால் தட்டினார். "எல்லாமா" என்றது தகரக் குரல்.

"எல்லாம் அண்ணி."

அண்ணி ஒலிப்பானின் சத்தத்தை முழுக்கக் குறைத்தார். பிறகு அண்ணி எழுதியதைப் பெங்குயின் சார் திரையில்தான் படித்தார். 'உங்க அண்ணன்கிட்ட இன்னும் சொல்லலியே?'

"இல்ல. இன்னிக்கு சாயங்காலம் சொல்லிடறேன். என்னால இதுக்கு மேல முடியல."

'சொல்லாதீங்க.'

அண்ணி நிதானமாக எழுதினார். 'தினம் லிஃப்ட் குழிக்குள்ள இறங்குற மனுஷன். என் குரல் வரும்னு நினைச்சுக்கிட்டுதான் காலையில எழுந்திரிக்கிறார். இதையும் கேட்டுட்டு இறங்க வேண்டாம். தயாராகுதுன்னே சொல்லுங்க.'

"எத்தன நாளைக்கு அண்ணி?"

'அவர் கேக்கிற வரைக்கும்.'

அதை எழுதிவிட்டு எல்லாவற்றையும் அழித்தார். ஒரு சொல் மிச்சமில்லாமல் அழிந்துவிட்டதா என்று இரண்டு முறை பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போனார். தன்னை மன்னித்தாரா இல்லையா என்று பெங்குயின் சாருக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை. அன்றைக்குப் பிறகு அண்ணி அந்த மேசைப்பக்கம் வருவதில்லை. வேண்டியதை ஒரு நோட்டில் எழுதிக் காட்டுகிறார். எழுதுவதென்றால் யாருக்கும் வார்த்தை குறைந்துதான் போகும். 'உப்பு.' 'கதவு.' 'மருந்து.' வீட்டின் மொத்தப் பேச்சு இப்போது ஒரு நாளைக்கு அரைப்பக்கம்.

ஒரு வருடம் நாலு மாதம் ஆகிவிட்டது. ஒருமுறை அண்ணன் விடாமல் கேட்டபோது வாய் தவறிப் 'பாதி ஆயிடுச்சு அண்ணா' என்று பெங்குயின் சார் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அண்ணன் சதவீதத்தில் கேட்க ஆரம்பித்தார். அறுபது ஆனது, எழுபது ஆனது. பிறகு பெங்குயின் சார் ஏற்றுவதை மாதத்துக்கு இரண்டாகக் குறைத்தார், அப்புறம் ஒன்று, அப்புறம் அரை. இப்போது தொண்ணூற்று நாலரையில் நிற்கிறது. நூறுவரைக்கும் மிச்சம் இருப்பது ஐந்தரைதான். அதை எப்படிப் பங்கு போட்டாலும் ஒருநாள் தீர்ந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

நேற்றும் அண்ணன் ஐந்தரைக்கு வந்தார். கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே தம்பியின் அறை வாசலில் நின்றார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"இன்னிக்கு எவ்வளவு?"

"தொண்ணூத்தி நாலரையேதான் அண்ணா. கடைசில ரொம்ப மெதுவா போகும்."

"போகட்டும், அவசரம் ஒண்ணும் இல்ல." அண்ணன் துணியை மடித்தார். "எனக்கு நிறைய எல்லாம் பேச வேண்டாம்டா. சாயங்காலம் உள்ள நுழையறப்ப 'வந்துட்டீங்களா'ன்னு ஒரு வார்த்தை கேட்டா போதும். அது கேக்கும்ல?"

"கேக்கும் அண்ணா" என்றார் பெங்குயின் சார்.